தாய்மாமன் துண்டில் ஒட்டிய முடி

என் மகள் யமுனாவுக்குப் பிறந்ததிலிருந்தே முடி வெள்ளி. நரைத்த வெள்ளை இல்லை, செம்பட்டையும் இல்லை. சாம்பல் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் டம்ளரை வெயிலில் வைத்தால் எப்படி மின்னும், அப்படி. ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து முழுக்க அந்த முடியைப் பார்த்தது, தொட்டது, சிரித்தது. அது ஒரு நோயின் அடையாளம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. இப்படி ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாராவது ஒருத்தி எங்காவது உட்கார்ந்திருப்பாள். அவள் கண்ணில் பட்டால் போதும்.

எங்களுடையது பழைய கன்டோன்மென்ட் பக்கம், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இடம். எங்கள் தாத்தாக்கள் வெள்ளைக்காரர் பங்களாக்களில் எடுபிடி வேலை செய்தவர்கள். அதனால் கேலி பண்ணுவது சுலபம். "எந்தத் தொரை வூட்டுக் கொழந்தைமா இது?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். பிடித்து வைத்திருந்த ஒரு குடம் தண்ணீரையும் அவள் தலையில் ஊற்றிவிட்டு வந்தேன். அப்புறம் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள். நானும் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சித் தடவிப் பார்த்தேன். தலையணைதான் கறுப்பானது.

என் வீட்டுக்காரர் குமரேசன் ஆட்டோ ஓட்டுகிறார். என் அப்பாவின் அக்கா மகன், அதாவது சொந்த அத்தை மகன். நான் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். யமுனாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். பல் முளைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். ஒரு டாக்டர் மஞ்சள் காமாலை என்றார், ஒருவர் நிமோனியா என்றார். போன பிறகு என்ன பெயர் வைத்தால் என்ன. அவன் முடியும் வெளுப்புத்தான்.

யமுனாவுக்கு இரண்டு வயது ஆகும்போது காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகவில்லை. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டால் அன்று தணியும், மறுநாள் கொதிக்கும். வயிறு உப்பிக்கொண்டே போனது. வேண்டிக்கொண்டோம். ஆனேக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் அம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை அடித்தோம். காய்ச்சலுக்கும் வேண்டுதல், முடிக்கும் வேண்டுதல். முதல் மொட்டைக்குப் பிறகு கறுகறுவென்று முளைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்ன எல்லோரையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மொட்டை அடிக்கும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். என் தம்பி சேகர் புதுத் துண்டை மடியில் விரித்து அவளை உட்காரவைத்துக்கொண்டான். சேகருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சிவாஜிநகரில் ஒரு பாய் கடையில் துணி எடுத்துக் காட்டும் வேலை. சட்டைப் பையில் காசு இருக்கிறதோ இல்லையோ சீப்பு இருக்கும். நெற்றியில் விழுகிற மாதிரி முடி வளர்த்து, கண்ணாடி கண்ட இடமெல்லாம் நின்று சீவுவான். யமுனாவின் வெள்ளி முடி அவன் மடியில் விழுந்தது. அவள் அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லை. மஞ்சளும் சந்தனமும் பூசிய தலையை அவன் நெஞ்சில் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மூக்கில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள், எரிந்து விழுந்தவர்களும் இருந்தார்கள், நானும் எரிந்து விழுந்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தது போல இருக்கிறது. எல்லாம் மெதுவாக அசைகிறது. யார் பேசினாலும் தூரத்திலிருந்து கேட்கிறது. எங்கள் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. மத்தியானம் அதன் நிழல் போர்வைமேல் நீந்தும். யமுனாவின் கை அந்த நிழலைப் பிடிக்கப் போகும், பாதியில் விழுந்துவிடும். டிரிப் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அடுத்த சொட்டு விழாதோ என்று பயமாக இருக்கும். விழும். மறுபடி அதே பயம்.

டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை. ரத்தப் புற்றுநோயோ என்று இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். மஜ்ஜை என்பது எலும்புக்குள் இருக்கும் கூழ். ரத்தம் உற்பத்தியாவது அங்கேதான். புற்றுநோயும் இல்லை. ஆனால் அந்தக் கூழில் அவளுடைய சொந்தச் செல்களே மற்ற ரத்தச் செல்களை விழுங்கிக்கொண்டிருந்தன. ஏதாவது கிருமியால் அப்படி ஆகியிருந்தால் மருந்திலேயே சரியாகிவிடும், பிறவிக் கோளாறாக இருந்தால் மருந்து கொஞ்ச நாள்தான் தாங்கும் என்றார்கள். எது என்று தெரியவில்லை. ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். காய்ச்சல் இறங்கியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பையனுக்கும் ஒருமுறை இப்படி இறங்கி ஏறியிருக்கிறது.

ஒருநாள் மத்தியானம், ரத்த நோய்களைப் பார்க்கும் பெரிய டாக்டரம்மா வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். ஜன்னல் வெயில் யமுனாவின் முகத்தில் நேராக விழுந்திருந்தது. குனிந்து அவள் புருவத்தைப் பார்த்தார், பிறகு இமையை.

"ஏம்மா, இவளுக்கு முடி என்ன கலர்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நீங்களுமா டாக்டர்? எந்தத் தொரைக்குப் பொறந்ததுன்னு அடுத்து கேப்பீங்களா?"

அவருக்கு அந்தக் கேலி தெரியாது. விழித்தார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் என்னை அடக்கப் பார்த்தான். டாக்டரம்மா அவனைக் கையமர்த்திவிட்டு எங்கள் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "வெள்ளி மாதிரி இருக்குமா? அத மட்டும் சொல்லு." இருக்கும் என்றேன். பையனுக்கும் அப்படித்தான் இருந்தது என்றேன். எந்தப் பையன் என்று கேட்டார். சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கை யமுனாவின் காலைப் பிடித்தபடியே இருந்தது.

முடி ஒன்று வேண்டும் என்றார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பிறவிக் கோளாறா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடுமாம். எங்கே போவது முடிக்கு? தலை உப்புத்தாள் மாதிரி இருந்தது. பிடுங்க முடியாது, ரத்தம் உறையும் சக்தி இல்லை, கசிய ஆரம்பித்தால் நிற்காது. புருவத்தில் இரண்டு இழை நறுக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். பூனைமுடி, தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தார்கள். சத்துக் குறைந்தாலும் முடி வெளுக்குமாம். கண்ணால் பார்த்தது போதாது, நல்ல முடி வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார்கள்.

வெறி பிடித்தது எனக்கு. உலகத்தில் யாருக்கும் வேண்டாத முடி அது. எல்லோரும் ஒழித்துக் கட்டு என்ற முடி. இன்றைக்கு ஒரு இழை கிடைக்கவில்லை.

அப்போதுதான் துண்டு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த காயின் போனில் பாய் கடைக்குப் பேசினேன். "டேய், அந்த மொட்டைத் துண்டு எங்கடா?"

மறுமுனையில் சேகர் தொண்டையைச் செருமினான். பிறகு மெல்ல, "தோச்சிட்டேன்க்கா" என்றான்.

"பொய் சொல்லாத. நீயாவது தோய்க்கிறதாவது."

"கோச்சிக்காத. கவர்ல சுருட்டி ஆணில மாட்டினது. அப்டியே கீது."

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் சோம்பேறித்தனத்தைக் கும்பிட்டேன். குமரேசன் ஆட்டோவில் போய் அவனையும் கவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். துண்டை விரித்தபோது மஞ்சள் வாசனை வந்தது. நூல்களுக்கு நடுவே, ஜரிகை இழை மாதிரி, என் மகளின் முடி.

டாக்டரம்மா என்னை லேபுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். முதலில் தன் முடி ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். மிளகுத்தூள் தூவியதுபோல நிறம் சீராகப் பரவியிருந்தது. பிறகு யமுனாவுடையது. தெளிந்த கண்ணாடிக் குழாய்க்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டி கட்டியாகக் கறுப்பு. நிறம் இல்லாமல் இல்லை. உள்ளே இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

அந்த நோய்க்கு ஒரு வெளிநாட்டு டாக்டரின் பெயர். என் வாயில் நுழையவில்லை. விஷயம் இதுதான். நம் ரத்தத்தில் காவல் செல்கள் இருக்கின்றன. கிருமி புகுந்த செல்லைக் கொல்ல ஒருவகைப் புரதங்களை அவை தயாரிக்கின்றன. அவற்றைக் கண்ட இடத்தில் விடக்கூடாது என்பதால், செல்லுக்குள்ளேயே பிரித்து, சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைக்கின்றன. எதிரியைத் தொட்டதும் அந்தப் பைகள் செல்லின் ஓரத்துக்கு நகர்ந்து, சுவரில் ஒட்டி, வெளியே கொட்ட வேண்டும். யமுனாவின் செல்களில் புரதம் ஒழுங்காகத் தயாராகிறது, ஒழுங்காகப் பைக்குள் போகிறது, சுவர்ப் பக்கம் வரைக்கும்கூட வந்துவிடுகிறது. பையைச் சுவரோடு கட்டும் கடைசி ஆள் இல்லை. முடிக்கு நிறத்தைக் கடத்துவதிலும் அதே ஆளுக்கு வேலை இருக்கிறது. அதனால்தான் வெள்ளி. கிருமி சாகாததால் இன்னும் இன்னும் காவல் செல்கள் வந்து குவிந்து, கத்திக் கத்திக் காய்ச்சலைக் கிளப்பி, கடைசியில் சொந்த ரத்தத்தையே தின்ன ஆரம்பிக்கின்றன.

எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் இதை நான் பார்த்திருக்கிறேன். சைஸ் பிரித்து, டேக் போட்டு, அட்டைப்பெட்டி ஒட்டி, லாரி நிற்கும் மேடைவரை தள்ளிக்கொண்டு போவோம். லோடு ஏற்றுகிற ஆள் வரவில்லையென்றால் தீர்ந்தது. பின்னால் மெஷின் நிற்காது, பெட்டி வந்துகொண்டே இருக்கும், நடக்க இடம் இருக்காது, சூப்பர்வைசர் கத்துவான், நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கடிப்போம்.

அன்றிலிருந்து ஒரு கனவு வர ஆரம்பித்தது. மத்தியானம் மர நிழல் போர்வையில் அசையும்போது கண் சொருகும். சொட்டோடு சொட்டாக நானும் குழாய்க்குள் இறங்கிவிடுவேன். உள்ளே எங்கள் கம்பெனி. ஆனால் சுவரெல்லாம் இளஞ்சிவப்பு, தரை மெத்தென்று இருக்கும், எங்கோ ஒரு மெஷின் டப் டப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும். அது அவள் நெஞ்சு என்று எனக்குத் தெரியும். கூரைவரை பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் இடுக்கிலிருந்தும் வெள்ளி நூல் தொங்கும். நான் தள்ளிக்கொண்டே போவேன். மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள். வெளியே இருட்டில் யாரோ கதவைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்கும். ஒருமுறை பெட்டிகளுக்கு நடுவில் என் பையன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பல் முளைத்திருந்தது.

"ஏனம்மா, ஊட்டா ஆயித்தா?" சாப்பிட்டாயா என்று கன்னடத்தில் கேட்டு, வார்டைக் கூட்டுகிற அம்மாதான் ஒவ்வொரு முறையும் எழுப்புவார். இல்லை என்றால் தன் டப்பாவில் இருந்த சித்திரான்னத்தில் பாதியை மூடியில் வைத்துக் கொடுப்பார். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டது இப்போது உறுத்துகிறது.

மருந்து காய்ச்சலைத் தடுத்துத்தான் வைக்கும். முழுதாகச் சரியாக, வேறொருவர் மஜ்ஜையை இவளுக்குள் செலுத்த வேண்டும். அதிலிருந்து வளரும் செல்களில் அந்தக் கடைசி ஆள் இருப்பான். செலவு எங்கள் கைக்கு எட்டாதது. ஒரு தர்ம டிரஸ்ட், என் கம்பெனிப் பெண்கள், ஆட்டோ ஸ்டாண்டு எல்லோரும் சேர்ந்துதான் தூக்கினார்கள். அதைவிடப் பெரிய கேள்வி, யாருடைய மஜ்ஜை பொருந்தும்? ஒவ்வொரு செல்லும் தன் மேல் சில புரதங்களை அடையாளச் சீட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். சீட்டு ஒத்துப்போக வேண்டும். கூடப்பிறந்த குழந்தை இருந்தால் நல்லது. யமுனாவுக்கு யார் இருக்கிறார்கள்?

எனக்கும் அவருக்கும் பாதிதான் பொருந்தியது. அன்று அந்தச் சின்ன டாக்டர், சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று ஆரம்பித்தான். அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுது ஒளிந்திருக்கும், குழந்தையில் இரண்டும் சேர்ந்துவிடும் என்றான். சொன்னது சரிதான். சொன்ன விதத்துக்குத்தான் கேட்டேன். "பன்னெண்டாங்கிளாஸ்ல பாதில நிறுத்திக் கட்டி வச்சாங்க. அன்னிக்கு மண்டபத்துக்கு வந்து சொல்லியிருக்கலாமே சார் நீங்க?" அவன் காது சிவந்தது. குமரேசன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். வராந்தாவில் நின்று, தரையைப் பார்த்தபடி, "என்னைக் கட்டாம இருந்திருந்தா…" என்றார். வாயை மூடு மாமா என்றேன்.

சேகரையும் பரிசோதிப்போம் என்று டாக்டரம்மாதான் சொன்னார். தாய்மாமனுக்குப் பொருந்துவது அரிது, ஆனால் சொந்தத்திலேயே கட்டிய உங்கள் குடும்பத்தில் பார்க்கலாம் என்றார். சேகருக்கு ஊசி என்றாலே ஆகாது. சின்ன வயதில் அம்மை ஊசிக்குப் பயந்து பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்தவன். ரத்தம் எடுக்கும்போது என் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டான். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்து ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். சேகருக்கு ஒரு சீட்டு எங்கள் அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. அம்மாவின் அதே சீட்டு என் வழியாக யமுனாவுக்கு வந்திருக்கிறது. அப்பாவின் சீட்டு அவர் அக்காவிடமும் இருந்தது. அத்தையிடமிருந்து குமரேசனுக்கு, அவரிடமிருந்து யமுனாவுக்கு. இரண்டு பக்கமும் சுற்றி வந்து ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டது. முழுப் பொருத்தம்.

நான் கேட்டேன். "அப்போ நான் அத்தை மவனைக் கட்டலன்னா, சேகருது பொருந்தியிருக்காதா?"

"பொருந்தியிருக்காது" என்றார். "நோயும் வந்திருக்காது. ரெண்டும் ஒரே எடத்துலருந்துதான் வருது. நீ யாரத் திட்டுவே?"

என் வாயை அடைத்தவர் அவர் ஒருவர்தான்.

சேகர் மெல்லக் கேட்டான். "எலும்ப ஒடைச்சி எடுப்பாங்களா மேடம்?" மயக்க மருந்து கொடுத்து இடுப்பில் ஊசியால் உறிஞ்சுவோம், ஒடைக்க மாட்டோம் என்றார். "அப்போ சரி" என்றான். சீப்பை எடுத்துச் சீவிக்கொண்டான்.

யமுனாவையும் என்னையும் கண்ணாடி அறைக்குள் வைத்தார்கள். பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான மருந்து. வாயெல்லாம் புண். தலையில் முளைக்க ஆரம்பித்திருந்ததும் உதிர்ந்தது, புருவமும் போனது. மெழுகு பொம்மை மாதிரி கிடந்தாள். பிரஷர் குக்கரில் வெந்த சாப்பாடுதான் உள்ளே வரலாம். வெந்நீர் வைக்கத் தெரியாத குமரேசன் இட்லியும் ரசமும் பழகினார். ரசம் வாயில் வைக்க முடியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சும்மா இருந்ததில் அவர் பயந்துபோனார் என்று பிறகு சொன்னார்.

சேகரின் மஜ்ஜை ஒரு பையில் வந்தது. கருஞ்சிவப்பு. இவ்வளவுதானா என்று இருந்தது. டிரிப் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்த மத்தியானம் முழுக்க மழை. நான் மறுபடி உள்ளே போனேன். பெட்டிகள் அப்படியே இருந்தன. தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தேன். அங்கே சேகர் நின்றுகொண்டிருந்தான், தோளில் அந்த மஞ்சள் துண்டு. முதலில் தலை சீவினான். பிறகு "கொண்டாக்கா" என்று ஒவ்வொரு பெட்டியாக வாங்கி இருட்டுக்குள் வீசினான். விழும் சத்தம் கேட்கவில்லை. சுரண்டும் சத்தம் நின்றிருந்தது.

அது கனவு. நிஜத்தில் அதற்குப் பிறகும் காய்ச்சல் வந்தது, தோல் சிவந்து உரிந்தது, இரண்டு முறை கைவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் டாக்டரம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று கட்டை விரலைக் காட்டினார். சேகரின் செல்கள் அவளுக்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தன.

வீட்டுக்கு வந்து சில மாதத்தில் முடி முளைத்தது. வெள்ளி. அதைப் பார்த்துக் குமரேசன் அழுதுவிட்டார், நோய் திரும்பிவிட்டது என்று. இல்லை என்று நான் சொன்னேன். டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். மாற்றியது ரத்தத்தின் பட்டறையை மட்டும்தான். முடியின் பட்டறை பழையதுதான். முடி கடைசிவரை இப்படித்தான் இருக்கும்.

சொந்தக்காரர்கள் விடவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த அம்மனுக்கு மறுபடி மொட்டை அடிக்க வேண்டும், அப்போதாவது கறுப்பாக முளைக்கும் என்றார்கள். இவள் தலையில் கத்தி வைக்கிறவன் கையை ஒடிப்பேன் என்றேன். வீட்டில் பெரிய சண்டை. வேண்டிக்கொண்டதைக் கொடுக்காமல் இருக்கலாமா என்று குமரேசனே தடுமாறினார். சேகர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"சாமிக்கு முடிதான வேணும்" என்றான். "இவளுக்குள்ள ஓடுறது என் ரத்தம். என் தலைய எடுத்துக்கட்டும்."

ஆனேக்கல் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே வந்தான். கோயிலில் நாவிதர் முன்னால் உட்கார்ந்ததும், யமுனா என் பையிலிருந்து அந்தத் துண்டை இழுத்துக்கொண்டு போனாள். யாரும் சொல்லித்தரவில்லை. அவனுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மடியில் துண்டை விரித்தாள். அவன் அவள் பக்கம் தலையைக் குனிந்தான். வெயிலில் அவள் முடி மின்னியது. அவன் முடி கறுப்புக் கறுப்பாக அவள் மடியில் விழுந்தது.

துண்டைத் தோய்க்கவில்லை. கவரில் சுருட்டி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.